வாட்ச் காட்டும் பிரஷரை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. பிரஷருக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று அனுப்பியிருக்கிறான். எப்போது பார்த்தாலும் 122/80-ஐ ஒட்டியே காட்டுகிறது. கிளினிக்கில் பார்த்தால் 150/92. "டாக்டரைப் பார்த்ததும் வருகிற படபடப்புதான் அப்பா" என்கிறான். மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா டாக்டர்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குறைக்காதீர்கள். மகன் சொல்கிற படபடப்பு உண்மையிலேயே உண்டு. கிளினிக்கில் மட்டும் பிரஷர் ஏறுகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் நீங்கள் அந்த ரகமா என்பதை இந்த வாட்ச்சை வைத்து முடிவு செய்ய முடியாது.

கையில் கட்டும் பட்டை காற்றடைத்து ரத்தக்குழாயை நெருக்கி, பிறகு மெல்லத் தளர்த்தும்போது அழுத்தத்தை அளக்கிறது. வாட்ச் எதையும் நெருக்குவதில்லை. கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பச்சை வெளிச்சம் மினுக்கும். தோலுக்கடியில் ரத்தம் வந்துபோகும் அலையை அந்த வெளிச்சத்தால் படித்து, அதிலிருந்து பிரஷரை ஊகிக்கிறது. ஊகத்துக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே! அதனால்தான் சாம்சங் வாட்ச் 28 நாளைக்கு ஒருமுறை பட்டை மெஷினில் பார்த்த அளவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. உங்களுடையது அப்படிக் கேட்டதா? வயது, உயரம், எடை மட்டும் கேட்டுவிட்டு எண் சொல்கிறதென்றால், அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

கேட்கிற வாட்ச்சிலும் சிக்கல் தீரவில்லை. கொடுத்த அளவைச் சுற்றியே அது வட்டமடிக்கும். மாத்திரையை மாற்றும்போதும் தூக்கத்திலும் பிரஷர் நிஜமாக மாறுமே, அங்கேதான் பெரும்பாலும் கோட்டைவிடும். ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், நோயை உறுதிசெய்யவோ சிகிச்சையை முடிவுசெய்யவோ பட்டையில்லாக் கருவிகள் வேண்டாம் என்கிறது. பட்டைக்குள் காற்றடைக்கும் சிறு பம்ப் வைத்த ஓம்ரான் ஹார்ட்கைடு, ஹுவாவே வாட்ச் டி போன்றவை வேறு வகை; அவற்றை இதில் சேர்க்காதீர்கள். 2025-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆப்பிள் வாட்ச் வசதியோ எண்ணே சொல்வதில்லை, 'பிரஷர் இருக்கலாம், பாருங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

குறைவாகக் காட்டும் கருவிதான் ஆபத்து. 2014-15-இல் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்றொரு ஆப் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. போனை நெஞ்சில் வைத்து, கேமராவில் விரலை அழுத்தினால் பிரஷர் தெரியுமாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் சோதித்ததில், பிரஷர் உயர்ந்திருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது உயர்வில்லை என்று காட்டியிருந்தது. அதை நம்பி எத்தனை பேர் மாத்திரையை விட்டார்களோ!

நீங்கள் செய்ய வேண்டியது: மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்தட்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கையை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒரு வாரம் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். 135/85-க்குக் கீழே இருந்தால் மகன் சொன்னது சரியாக இருக்கலாம். மாத்திரையைப் பற்றி டாக்டர் முடிவு செய்யட்டும். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரப் பட்டைக் கருவியைக் கட்டிப் பார்க்கச் சொல்வார். அடுத்த முறை போகும்போது நோட்டோடு மெஷினையும் எடுத்துப்போய், அங்குள்ள மெஷினோடு அதே கையில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.