பழைய மலர்களை டிஸ்பேஸில் ஏற்றும் முன்

கல்லூரி நூலகப் பொறுப்பு கைக்கு வந்ததுமே, பீரோவில் கிடக்கும் பழைய ஆண்டு மலர்களை டிஸ்பேஸில் ஏற்றப்போகிறேன் என்று சொன்னாயே தங்கச்சி, கேட்கவே சந்தோஷமாக இருந்தது. எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்.பி. ஆய்வகமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட, கோப்புகளைச் சேமித்து இணையத்தில் தேடித் தரும் மென்பொருள் அது, காசு கிடையாது. ஆனால் அதை நிறுவுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்.

முதலில் கலெக்‌ஷன்களை யோசி. துறைக்கு ஒன்றாகத் திறந்தால் பாதி காலியாகவே கிடக்கும். துறையின் பெயரும் நாளைக்கு மாறும். ஆண்டு மலர், ஆய்வேடு, கேள்வித்தாள் என்று வகையைப் பார்த்துப் பிரி.

ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம். டிஃப் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, படிப்பவர்களுக்கு பிடிஎஃப் கொடு.

உன் நேரமெல்லாம் மெட்டாடேட்டாவுக்குத்தான், அதாவது ஆசிரியர், தேதி போன்ற விவரங்களுக்குத்தான் போகும், போகட்டும். கல்கியை எடுத்துக்கொள். ஓரிடத்தில் 'கல்கி', இன்னோரிடத்தில் 'ரா. கிருஷ்ணமூர்த்தி', வேறோரிடத்தில் 'கல்கி கிருஷ்ணமூர்த்தி' என்று அடித்தால், ஆசிரியர் பட்டியலில் மூன்று பேர் வந்து நிற்பார்கள். எந்தப் பெயர் என்று நோட்டில் எழுதி வைத்து, கடைசி வரை அதையே போடு. தேதியிலும் கவனம். அட்டையில் 'விரோதி வருஷம், தை' என்று இருந்தால் 1949 என்று போட்டுவிடாதே. சித்திரையில் பிறந்த வருஷம், தை வருவதற்குள் 1950 ஆகியிருக்கும். தேதிக் கட்டத்தில் 1950-01 என்று போட்டு, தமிழ் ஆண்டைக் குறிப்பில் அப்படியே எழுது. அறுபது வருஷத்துக்கு ஒரு விரோதி வரும் என்பதால், அச்சகக் குறிப்பையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

மொத்தமாகத் திருத்த சிஎஸ்வி கோப்பை இறக்கினால் லிப்ரே ஆபிஸில் திற, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடு. எக்ஸலில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்து சிதைந்துபோவதுண்டு. அதைச் சேமித்து ஏற்றினால் அத்தனையும் பாழ்.

ஏற்றிய மலரின் இணைய இணைப்பில் 123456789 என்ற எண் வருகிறதா என்று பார். அது டிஸ்பேஸ் தானாகப் போட்டுத் தரும் மாதிரி எண். நிலையான முகவரிகளைத் தரும் ஹேண்டில் அமைப்பில் பதிவு செய்து கல்லூரிக்கென்று சொந்த எண் வாங்கிய பிறகு ஊருக்கு அறிவி. சர்வர் மாறினாலும் அந்த முகவரி நிலைக்கும்.

உரிமை விஷயத்தில் அக்கா சொல்வதைக் கேள். இந்தியாவில் எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. 1950 மலரில் கவிதை எழுதிய மாணவி இன்றும் இருக்கலாம். அனுமதி கிடைக்கும் வரை விவரங்களை மட்டும் எல்லோருக்கும் திறந்து, கோப்பைப் பூட்டி வை. டிஸ்பேஸில் அதற்கு வழி இருக்கிறது.

பேக்கப் இரண்டு எடுக்க வேண்டும்: கோப்புகள் இருக்கும் அசெட்ஸ்டோர் ஒன்று, விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸ் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாவது மட்டும் இருந்தது. சர்வர் போன அன்று கையில் மிஞ்சியவை நீள நீள எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். எது எந்த மலர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் பத்து மலர் மட்டும் ஏற்று. ஒரு மாணவியை உட்காரவைத்து, அவள் பாட்டி படித்த வருஷத்து மலரைத் தேடச் சொல். அவளுக்குக் கிடைத்த பிறகு பதினொன்றாவதைத் தொடு.