சித்தப்பாவின் புல்லட்டும் லிட்டருக்கு 22 கிலோமீட்டரும்



"வண்டி மைலேஜ் கொடுக்கலைன்னா என்ன செய்வீங்க?" என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "கார்ப்பரேட்டரைத் திருகணும்!" ஏர் ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அரைச் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் என்று திருகிவிட்டு, காதைச் சாய்த்து சத்தம் கேட்பது போல் ஒரு பாவனை செய்தால் டியூனிங் முடிந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. முதலாமாண்டுத் தம்பிகள் கொஞ்சம் கவனமாகவே படிக்கவும்.

எங்கள் சித்தப்பாவிடம் 1994-ஆம் வருடத்து புல்லட் 350 ஒன்று இருக்கிறது. பழைய இரும்பு சிலிண்டர் எஞ்சின். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. 24 மி.மீ. கார்ப்பரேட்டர், பிளாட்டினம் பாயிண்ட் இக்னிஷன். வருடத்துக்கு ஒருமுறை சித்தியை உட்கார வைத்து மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை போய் வருவது அவர் வழக்கம். போன வருடம் திரும்பி வந்ததும் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, "லிட்டருக்கு 22 தாண்டா கொடுக்குது. இதுக்கு நான் பஸ்ஸிலேயே போயிருவேன். புரோக்கர் வந்து கேட்டுக்கிட்டிருக்காரு, தள்ளி விட்டுறலாம்னு பாக்கறேன்" என்றார். தாத்தா வாங்கிய வண்டி அது. நான் சும்மா இருந்திருக்கலாம். "சித்தப்பா, மெக்கானிகல் படிக்கிறேன்ல, எங்கிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். மெயின் ஜெட்டை இரண்டு அளவு சின்னதாக மாற்றினேன். நீடிலில் இருக்கும் ஐந்து பள்ளங்களில், கிளிப்பை நடுவிலிருந்து எல்லாவற்றுக்கும் மேல் பள்ளத்தில் மாட்டினேன். கிளிப் மேலே ஏறினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கணக்கு சரிதான். அன்று மாலை ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் 27 வந்தது. வீட்டில் எனக்கு அன்று தனி மரியாதை.

அடுத்த ஞாயிறு ஒரு நண்பனை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போய் அங்கிருந்து சிறுமலை ஏறினேன். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் தயங்கியது. த்ராட்டிலை முழுசாகத் திறந்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பின் சக்கரம் லேசாக இறுகியது. நல்ல வேளை, கை தானாகவே கிளட்சைப் பிடித்துவிட்டது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

வண்டி ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதன் மேல் மிளகுத் தூள் தூவினாற்போல் சின்னச் சின்ன அலுமினியப் புள்ளிகள். அதாவது பிஸ்டன் தன் உடம்பிலிருந்து எடுத்து அங்கே ஒட்டியிருந்தது. சிலிண்டரைக் கழற்றியதில் பிஸ்டன் ஓரத்தில் இழுத்த கோடுகள். போர் தப்பித்தது. பிஸ்டனை மெல்லிய எமரியில் தேய்த்து, ரிங் செட் புதிதாகப் போட்டேன். செலவு என் கையிலிருந்து. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒர்க்‌ஷாப் சாரிடம் பிளக்கைக் காட்டியபோது, "ஏம்ப்பா, சிக்கனம்ங்கிறது பட்டினி போடுறதா?" என்று மட்டும் கேட்டார்.

கார்ப்பரேட்டரில் எந்த உறுப்பு எப்போது வேலை செய்கிறது என்பதைப் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் ஸ்பேனரைப் பிடித்ததும் மறந்துவிட்டது. ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலேயும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதன்பின் கால் த்ராட்டில் வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். நெடுஞ்சாலையில் 55, 60 வேகத்தில் போகும்போது த்ராட்டில் எங்கே நிற்கும்? பெரும்பாலும் நீடிலின் பகுதியில். ஆகவே நாம் பயபக்தியுடன் திருகும் ஏர் ஸ்க்ரூவுக்கும் வெளியூர் மைலேஜுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அதேபோல் மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினால் சமதளத்தில் மிச்சம் ஏதும் இல்லை. மேட்டில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது மட்டும், எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில், பெட்ரோலைக் குறைக்கிறோம். ஓரளவு அதிகமாக வரும் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஆவியாகும்போது சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. காற்றில் ஆறும் எஞ்சினுக்கு அது முக்கியம்.

இன்னொரு விஷயம், நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் 14.7-க்கு 1 என்ற காற்று எரிபொருள் விகிதம் சுத்த பெட்ரோலுக்கு. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு விகிதம் 9-க்கு 1. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வருகிறது. அப்படியென்றால் 1994-இல் அமைத்த அதே ஜெட்டில் இன்று கலவை தானாகவே கொஞ்சம் மெலிந்துதான் ஓடுகிறது. அதை நான் இன்னும் மெலிய வைத்தேன். எத்தனாலில் லிட்டருக்கு வெப்பமும் குறைவு, பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஆறு, ஏழு சதவீத மைலேஜ் டியூனிங்கில் எதுவும் செய்யாமலே போய்விடும். அதற்கு வண்டியைத் திட்டிப் பயனில்லை.

சரி, எல்லா ஜெட்டையும் பழைய அளவுக்கு மாற்றி, கிளிப்பை நடுவில் போட்டு, ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும், அதன்பின் அளவு.

அளப்பதே ஒரு கலை. மதுரையிலிருந்து திண்டுக்கல் போய்த் திரும்ப சுமார் 130 கிலோமீட்டர். ஒரே பங்க், ஒரே பம்ப், சென்டர் ஸ்டாண்டில் வண்டி, டேங்க் வாயில் ஒரே கோடு வரை பெட்ரோல். வேகம் 55. போகும்போதே கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போனேன். அங்கேதான் முதல் வேடிக்கை. 50 கல் தாண்டியபோது மீட்டர் 47 காட்டியது! ஆக, சித்தப்பாவின் 22 உண்மையில் 23.4. ஸ்பேனரைத் தொடாமலே ஒன்றரை கிலோமீட்டர் லாபம்.

அடுத்து எஞ்சின் பக்கமே போகவில்லை. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒன்றரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தது, கேமில் கிரீஸ் காய்ந்து அது முழுசாகத் திரும்பவில்லை. சுத்தம் செய்து, செயினைக் கழுவி எண்ணெய் போட்டு, டயரில் கைப்புத்தகத்தில் சொன்ன அளவு காற்று அடித்ததும் 25. பக்கவாட்டுப் பெட்டிகளையும் கழற்றச் சொன்னேன், சித்தப்பா மாட்டேன் என்றுவிட்டார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 60-இல் போகிறவர் 80-க்குப் போனால் எதிர்ப்பு 1.78 மடங்கு. நம்மில் பலருக்கு மைலேஜ் கெடுவது வலது மணிக்கட்டில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் டேப்பட். இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இடைவெளி பூஜ்யம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை வைத்து, புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் இறுகியிருந்தது. டிகம்ப்ரஸர் கேபிளும் தொங்கலே இல்லாமல் விறைப்பாக இருந்தது, வால்வு சரியாக உட்கார விடவில்லை. இரண்டையும் சரி செய்ததில் கிக்கர் மிதிக்கும்போதே கம்ப்ரஷன் தெரிந்தது. மைலேஜ் என்னவோ 25.5-தான்.

பெரிய திருடன் பாயிண்ட் பெட்டிக்குள் இருந்தான். பாயிண்டில் கேமின் மேல் உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். கைப்புத்தகம் சொல்வது 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜில் 0.25 தகடே இறுகித்தான் நுழைந்தது. அதைவிட மோசம், அதற்கு அடியில் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் எடைகள். வேகம் கூடும்போது அவை விரிந்து பொறியை முன்னே தள்ள வேண்டும். பழைய கிரீஸ் மெழுகாகி, இரண்டும் அசையவே இல்லை. அப்படியானால் வண்டி 55-இல் போனாலும் 20-இல் போனாலும் பொறி ஐடிலிங் நேரத்திலேயே விழுகிறது.

இதனால் பெட்ரோல் எப்படிப் போகும் என்று சிலர் கேட்டார்கள். எரிந்த வாயுவின் உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரியில் வந்தால்தான் தள்ளுதல் முழுசாகக் கிடைக்கும். தாமதமானால் பிஸ்டன் பாதி தூரம் இறங்கியபின் எரிகிறது. அந்தச் சூடு வேலையாக மாறாமல் சைலன்சர் வழியே போகிறது. பெண்டு பைப் நீலம் பாய்ந்திருந்ததை எல்லோரும் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! சிறுமலையில் இறுகியதற்கும் இந்தச் சூடு பாதிக் காரணம்.

எடைகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங் இழுத்துத் திரும்புகிறதா என்று பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய். பிறகு டைமிங். முழு ரிட்டார்டில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அந்த நொடியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சாவியைப் போட்டுவிட்டு ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் ஊசி மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் துள்ளி நடுவுக்கு வரும். சாவியை அதிக நேரம் போட்டுவைத்தால் காயில் சூடாகும், அது மட்டும் ஜாக்கிரதை. இதை முடித்து ஓட்டியதில் 29. மேட்டில் வண்டி இழுத்த இழுப்பு வேறு மாதிரி இருந்தது.

கடைசியாகத்தான் கார்ப்பரேட்டர். முதல் நாள் நான் ஆரம்பித்த இடம்! நீடிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதிர்வில் அது நீடில் ஜெட்டின் ஒரு ஓரத்திலேயே வருடக்கணக்காக உரசியிருக்கிறது. ஜெட்டின் ஓட்டை வட்டம் போய் முட்டை வடிவம். நீடிலுக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழை வளையத்தில்தான் பெட்ரோல் ஏறுகிறது, ஆகவே மயிரிழை தேய்ந்தாலே கணிசமாகக் கூடிவிடும். புகைச் சோதனையில் இது மாட்டாது, அங்கே ஐடிலிங்கில்தானே பார்க்கிறார்கள்? புது நீடில், புது நீடில் ஜெட், ஃப்ளோட் வால்வு மூன்றையும் போட்டேன். கிளிப் நடுப் பள்ளத்திலேயே. பெட்ரோல் ட்யூபையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன், பழையது ஊறி உப்பியிருந்தது. பிளக் இப்போது வெளிர் பழுப்பு, பிஸ்கட் நிறம்.

33 வந்தது. நம்பாமல் மறுபடியும் போனேன். 32.8.

இதற்கு மேல் இந்த எஞ்சினை விரட்டக்கூடாது. அழுத்த விகிதம் 5.5 என்று வைத்து ஆட்டோ சுழற்சி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், ஏட்டுத் திறனே 49 சதவீதம். 9.5-க்கு 59. நிஜத்தில் இதில் பாதிகூடக் கிடைக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் வருகிற வண்டிகளில் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. அதோடு போட்டி போட தாத்தா வண்டியால் முடியாது. கன்னியாகுமரி போய் வர 490 கிலோமீட்டர். முன்பு 21 லிட்டர் ஆனது, இப்போது 15. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது அறுநூறு ரூபாய் மிச்சம். என் ரிங் செட் செலவு தேற இன்னும் சில தடவை போய் வர வேண்டும்.

நோட்டைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சிறுமலை மேட்டர் இதுல இல்லையே" என்றார். எழுதிச் சேர்த்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு புரோக்கர் வந்தார். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "வண்டி வெளியூர் போயிருக்குங்க, எப்ப வரும்னு தெரியல" என்றார். வண்டி பின் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.