கார் நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா?

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் போர்ட்டிகோவின் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கும். காரை எடுக்கும்போதெல்லாம் டயர் அந்த ஈரத்தை வாசல்வரை இழுத்து வரும். பாசி பிடித்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏடிஸ் கொசுவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் அந்த அவகாசம் தாராளமாகவே கிடைக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் இதற்குச் செய்யும் வைத்தியம், மிச்சமிருக்கும் சிமென்டைக் கரைத்துப் பள்ளத்தில் பூசிவிடுவதுதான். அடுத்த கோடைக்குள் அது செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். வழவழப்பான, எண்ணெய் படிந்த பழைய தரையை எந்தச் சிமென்டும் பிடித்துக்கொள்ளாது. உழைப்பில் பெரும்பங்கு, கலவை போடுவதற்கு முன்பே செலவாக வேண்டும்.

முதலில் பள்ளம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சுத்தியலால் தரையை அங்கங்கே தட்டினால், கெட்டியான இடத்தில் ‘கணீர்’ என்றும் உள்ளே வெற்றிடம் இருந்தால் ‘தொப்’பென்றும் சத்தம் வரும். தட்டும் இடமெல்லாம் கணீரென்றால், தரை போட்ட நாளிலேயே மட்டம் தவறியிருக்கிறது; மேலே சரிசெய்தால் போதும். தொப்பென்று கேட்டு, விரிசலும் ஓடியிருந்தால் கதை வேறு. பேஸ்மென்டில் கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போடாமல் விட்டிருக்கலாம். பக்கத்து சம்ப்போ குழாயோ கசிந்து மண் கரைந்து போயிருக்கலாம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். இப்படிப்பட்ட இடத்தில் மேல்பூச்சு நிற்காது. தரையை வெட்டியெடுத்து, மண்ணை இறுக்கி, புதிதாகக் கான்கிரீட் போடுவதே சரி.

மேலே மட்டும்தான் குறை என்று தெரிந்தால், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, வடிந்ததும் மிச்சம் நிற்கும் தண்ணீரின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளலாம். காய்ந்த பின் ஆறடி அலுமினிய மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து, அடியில் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். தண்ணீர் வெளியேற, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் தேவை. தரையை ரசமட்டத்துக்குச் சமமாக நிரப்பிவிட்டால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். தானாகப் பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை இங்கே உதவாததற்கும் இதுவே காரணம். அதோடு, அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளே டைல்ஸுக்கு அடியில் போடுவதற்காகத் தயாரானவை.

அடுத்தது எண்ணெய்க் கறை. சலவைத் தூளும் வெந்நீரும் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். தரை உறிஞ்சினால் சரி. சொட்டு முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பூச்சின் ஆயுள் ஓரத்தில்தான் இருக்கிறது. பள்ளம் விளிம்பை நோக்கிப் படிப்படியாக மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். சாதாரணக் கலவை அவ்வளவு மெல்லிசாக நிற்காது. அதனால் சாக்பீஸ் கோட்டுக்குச் சற்று வெளியே சதுரமாகக் கோடு போட்டு, கட்டிங் மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்ட வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டினால் தூசி அடங்கும். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது. பிறகு வெட்டுக்கு உள்ளே முழுவதையும் உளியால் கொத்தி, எங்கும் 10 மி.மீ.க்குக் குறையாமல் ஆழம் வருமாறு, பழைய ஜல்லி தெரியும் அளவுக்குச் சொரசொரப்பாக்க வேண்டும்.

தூளைக் கூட்டி, கழுவி, இரவு முழுக்க ஈரமாக வைத்துவிட்டு, காலையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தரை உள்ளே ஈரமாகவும் மேலே பளபளப்பு இல்லாமலும் இருப்பதே சரியான பதம்.

நான்கடிக்கு மூன்றடி, சராசரி 15 மி.மீ. ஆழம் என்றால் நிரப்ப வேண்டியது சுமார் 17 லிட்டர். ஒன்றுக்கு மூன்று கலவையில் இதற்குச் சிமென்ட் 8 கிலோவும் சலித்த மணல் 17 லிட்டரும் பிடிக்கும். ஆழம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி சேர்த்த கான்கிரீட் நல்லது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் போதும். கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

புதுக் கலவை பழைய தரையோடு ஒட்டிக்கொள்ள, எஸ்.பி.ஆர். லேடெக்ஸை டின்னில் உள்ள அளவுப்படி சிமென்டோடு கலந்து, தோசை மாவுப் பதத்தில் பிரஷ்ஷால் தரையிலும் வெட்டிய ஓரத்திலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது காய்வதற்குள் கலவை விழ வேண்டும். காய்ந்த லேடெக்ஸ் ஒட்டவிடாமல் தடுக்கும் படலமாகிவிடும். எனவே பாதிக்குப் பாதியாகப் பிரித்து வேலை செய்யலாம். கலவையைக் கரண்டியால் மூலைகளில் குத்தி இறுக்கி, இருபக்கப் பழைய தரையிலும் மட்டப்பலகையை வைத்து அறுத்தபடி இழுத்து, மரக்கட்டையால் தேய்க்க வேண்டும். பளபளப்புக்காகக் காய்ந்த சிமென்டைத் தூவித் தேய்ப்பது நம் ஊரில் பரவலான கெட்ட பழக்கம்; மேல்தோல் வெடித்துப் பொடியாவது அதனால்தான். சற்று இறுகியதும் தென்னந்துடைப்பத்தை வாட்டத்தின் திசையில் லேசாக இழுத்தால் டயருக்கும் காலுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

சித்திரை வெயிலில் இதை மாலையில் செய்வது நல்லது. மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். 2000-ல் வெளியான ஐ.எஸ். 456 விதிநூல், சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. இந்தச் சிறிய வேலைக்கும் அதையே கடைப்பிடிக்கலாம். கலவைக்குள்ளும் லேடெக்ஸ் சேர்த்திருந்தால் ஓரிரு நாள் ஈரம் போதும்; பிறகு காற்றில் உலர வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காரை ஏற்றலாம். எங்காவது ஓரிரு மி.மீ. தண்ணீர் நின்றால், பள்ளத்தின் மேல் இன்னொரு பூச்சுப் போடாமல், வடிகால் பக்கத்து மேட்டைக் கிரைண்டரால் தேய்த்து வழிவிடலாம். முதல் மாதம் அந்த இடத்தில் கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பாமல் இருப்பது நல்லது.