பெயர்தலும் பெயர்த்தலும்

மும்பைத் தமிழர் நாவில் நாள்தோறும் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களுள் ‘ஷிப்ட்’ என்பதும் ஒன்று. வீடு மாறினால் ஷிப்ட். ஆலையில் இரவு வேலை என்றால் நைட் ஷிப்ட்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பங்கிடுதல், ஒழுங்குபடுத்தி வைத்தல் என்பனவே பொருள். இடம் மாற்றுதல் என்னும் பொருள் பின்னர்த் தோன்றியது. ஆட்கள் மாறி மாறிச் செய்யும் ஆலைவேலைக்கு இப்பெயர் வந்தது அதற்கும் பின்னரே.

ஆங்கிலத்தில் நகர்வதற்கும் நகர்த்துவதற்கும் ‘ஷிப்ட்’ என்னும் ஒரே வடிவம் போதும். தமிழுக்கு அது போதாது. தானே செய்வது தன்வினை. பிறரைச் செய்விப்பது பிறவினை. ‘பெயர்ந்தனர்’ என்பது தன்வினை. ‘பெயர்த்தனர்’ என்பது பிறவினை. ‘ந்’ என்னும் மெல்லின எழுத்து ‘த்’ என்னும் வல்லினமாக மாறியவுடன், செய்தவர் யார் என்பதே மாறிவிடுகிறது! ஆங்கிலச் சொல்லை இரவல் வாங்கியபோதும் பேச்சுத்தமிழ் இவ்வேறுபாட்டை விடவில்லை. ‘ஷிப்ட் ஆனோம்’, ‘ஷிப்ட் பண்ணினார்கள்’ எனப் பிரித்தே வழங்குகிறது. இந்தியிலும் ‘ஹோனா’, ‘கர்னா’ என்னும் துணைவினைகள் இப்பணியையே செய்கின்றன.

சீத்தா கேம்ப்பின் வரலாற்றில் இந்த ஓரெழுத்து மிகப் பெரிது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. அவ்விடம் மையத்திற்குத் தேவை எனக் கூறி, மக்களை வெளியேற்ற அரசு முனைந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், மக்களைத் திரட்டி நீதிமன்றத்திலும் வீதியிலும் எதிர்த்தார். ஆயினும் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு மே மாதத்தில், காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பேயின் சதுப்புநிலத்தை ஒட்டிய சீத்தா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், ஜோக்கின் மகசேசே விருது பெற்றார்.

‘1976இல் மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் குடிபெயர்ந்தனர்’ என்று ஒரு மாணவர் எழுதினால், எழுத்துப்பிழை ஏதும் இராது. எனினும் ஆணையிட்டவர் யார் என்பது அத்தொடரில் மறைந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்தோர் குடிபெயர்ந்தனர். ஜனதா காலனி மக்களோ குடிபெயர்க்கப்பட்டனர். வறுமையால் ஊரைவிட்டு வந்தவர்களை எந்த வினையால் குறிப்பது என்பது எளிதில் முடியாத வினா. வகுப்பில் விவாதிக்கத் தக்கது.

பயிற்சி

1. பிறவினையாக மாற்றுக: திருந்தினான், உருண்டது, மாறியது.

2. வீட்டுப் பெரியோரிடம் குடும்பம் மும்பைக்கு வந்த கதையைக் கேட்டு, ‘பெயர்ந்தனர்’, ‘பெயர்த்தனர்’ ஆகிய சொற்களுள் பொருந்துவதை ஆண்டு ஐந்து தொடர்களில் எழுதுக.