அப்பாவிடமே கேள்

அன்புள்ள கதிருக்கு,

உன் அப்பா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதில் பெரிய நிம்மதி. அன்று இரவு, "வென்டிலேட்டர் வைக்கவா என்று கேட்டால் என்ன சொல்வது அத்தை?" என்று போனில் தவித்தாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் தெளிவாக இருக்கும்போதே கேள். அவருக்குச் சம்மதமென்றால் தன் விருப்பத்தை எழுதிவைக்கட்டும்.

ஐ.சி.யூ. வாசலில் பாசமான பிள்ளைகள்தான் அதிகம் சண்டை போடுவார்கள். ஒருவன் 'போதும்' என்பான். வெளியூரிலிருந்து வந்து இறங்கியவன் 'எல்லாவற்றையும் செய்யுங்கள்' என்பான். கையெழுத்துப் போட்டவனோ, நான்தான் அம்மாவைக் கொன்றேனோ என்று காலமெல்லாம் வேகிறான். நர்ஸாக இதை நிறையப் பார்த்துவிட்டேன். உனக்கு அந்த நிலை வரக்கூடாது.

இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே அனுமதி தந்துவிட்டது. மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து என்ற சிக்கலையும் 2023-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் இருந்தால் போதும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

'காகிதத்தைக் காட்டினால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ' என்று உன் அம்மா பயப்படுவாள். வாய் திறந்து சொல்ல முடிகிறவரை அப்பாவின் வார்த்தைதான் செல்லும். அது முடியாமல், மீளவும் வழியில்லை என்னும்போது மட்டுமே காகிதம் பேசும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வலிக்கான மருந்தை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

'என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்' என்று பொதுவாக எழுதினால் டாக்டருக்கு உதவாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழியாக உணவு, நெஞ்சை அழுத்தி இதயத்தை மறுபடி இயக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தன் விருப்பத்தைச் சொல்லட்டும். தன் சார்பில் பேச ஒருவரையோ சிலரையோ குறிப்பிடலாம். பாசத்தைவிட, அழுதுகொண்டே ஆனாலும் அவர் சொன்னதில் உறுதியாக நிற்கும் திடம் அவர்களுக்கு முக்கியம். மனம் மாறினால் பின்னால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம்.

இது முதியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. மும்பையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டபோது அவளுக்கு வயது 25. சுயநினைவின்றி 2015 வரை படுக்கையில் கிடந்தாள். அவளுக்காக வழக்கு நடந்தது. அவள் என்ன விரும்பியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தினமும் பைக்கில் போய் வருகிறாய். அப்பாவோடு சேர்ந்து நீயும் எழுது. ஒரு நகல் நம் குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும். இன்னொன்றை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை