ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போகலாமா? முதல்ல ஃபைபர் எதுவரை வந்திருக்குன்னு பாருங்க

"அண்ணா, கம்பெனில முழுசா வொர்க் ஃப்ரம் ஹோம் குடுத்துட்டாங்க. சென்னைல வாடகை 14,000. காலி பண்ணிட்டு ஊருக்கே போயிடலாமா?" ஒரு தம்பி கேட்டார். வருஷத்துக்கு 1,68,000 மிச்சம், யாருக்குத்தான் ஆசை வராது! நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு: ஊர்ல ஃபைபர் இருக்கா?

"பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்திருக்குண்ணா. வீட்டுக்கு வரல."

இது அவர் ஊர்ல மட்டும் இல்லைங்க. 2011ல ஒப்புதல் கிடைச்ச தேசிய ஆப்டிக்கல் ஃபைபர் திட்டம்தான் 2015ல பாரத்நெட்னு பேர் மாறுச்சு. நாட்டுல இருக்கிற சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கேபிள் கொண்டுபோறதுதான் அதோட முதல் இலக்கு. நம்ம மாநிலத்துல 12,525 ஊராட்சிகள், இங்க டான்ஃபிநெட் இந்த வேலையைச் செய்யுது. ஆனா பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து உங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் இருக்கிற தூரத்துக்கு யாராவது ஒரு ஆபரேட்டர் பணம் போடணும்.

ஏன் போட மாட்டேங்கிறாங்க? கணக்குதான். பள்ளம் தோண்டி கேபிள் போட கிலோமீட்டருக்கு 3 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோங்க. 5 கிலோமீட்டருக்கு 15 லட்சம். நகரத்துல அந்த தூரத்துல 1,500 இணைப்பு கிடைச்சா ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய்தான். மாசம் 500 ரூபாய் பில்னா ரெண்டு மாசத்துல வந்துடும். கிராமத்துல 60 இணைப்புதான்னா வீட்டுக்கு 25,000. போட்ட காசை எடுக்கவே 50 மாசம், அதுவும் கரண்ட், ரிப்பேர், ஆள் சம்பளம் எதையும் கழிக்காம! எந்த வியாபாரியும் யோசிக்கத்தான் செய்வார்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு நிதி இருக்கு. அதுக்கு நீங்களும் பணம் கட்டிட்டு இருக்கீங்க, தெரியுமா? ஏஜிஆர்னு சொல்ற சரிசெய்த மொத்த வருவாய்ல 8 சதவீதத்தை டெலிகாம் கம்பெனிகள் லைசென்ஸ் கட்டணமா அரசுக்குக் கட்டணும். அதுல 5 சதவீதம் இந்த நிதிக்கான பங்கு. 2002ல யுனிவர்சல் சர்வீஸ் நிதியா ஆரம்பிச்சது, 2023 டெலிகாம் சட்டத்துல டிஜிட்டல் பாரத் நிதி ஆயிடுச்சு. நீங்க 299க்கு ரீசார்ஜ் பண்ணா ஜிஎஸ்டி 45.61 போக 253.39. அதுல 5 சதவீதம் தோராயமா 12.67. 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 13 தடவை, சுமாரா 165 ரூபாய். பில்லுல இதுக்குத் தனி வரி இருக்காது. அதனாலதான் யாரும் கேள்வி கேக்கறதில்ல. இப்படிச் சேர்ந்த பணத்துல பெரும்பகுதி பல வருஷம் செலவாகாமலே இருந்தது. ஆடிட்டரா எனக்கு இதுல கோபம் உண்டு. 2023 ஆகஸ்ட்ல திருத்தின பாரத்நெட் திட்டத்துக்கு 1.39 லட்சம் கோடி ஒப்புதல் ஆச்சு. வீட்டு இணைப்பும் அதுல வருது.

சரி, தம்பி கணக்குக்கு வருவோம். அவர் பழைய வரி முறையில இருக்கார். பேசிக் 40,000, எச்ஆர்ஏ 20,000. அவருக்குக் கிடைக்கிற விலக்கு, கட்டின வாடகையில பேசிக்ல 10 சதவீதம் கழிச்சது, அதாவது 1,20,000. வாடகையே இல்லைன்னா விலக்கும் இல்ல. 20 சதவீத ஸ்லாப்ல செஸ்ஸோட 24,960 கூடுதல் வரி. அப்போ நிஜ மிச்சம் 1,43,040. புதிய முறையில இருக்கிறவங்களுக்கு இந்த விலக்கு ஏற்கெனவே கிடையாது, அதனால இந்த இழப்பும் இல்ல.

நான் சூடுபட்ட கதையும் ஒண்ணு இருக்கு. ஊர்ல இருந்தப்போ ரோடு வேலைக்குத் தோண்டினதுல கேபிள் அறுந்துபோச்சு, மூணு நாள் நெட் இல்ல. அன்னிக்கு தேதி 20, ஒரு கிளையண்ட்டோட ஜிஎஸ்டிஆர் 3பி கடைசி நாள். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான், ஆனா வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி வேற ஓடும். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஃபைல் பண்ணேன்.

அதனால தம்பிகிட்ட சொன்னது இதுதான். பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டில லைட் எரியுதான்னு நேர்ல போய்ப் பாருங்க. அந்தத் தெருவுல ஏற்கெனவே யார் வீட்டுலயாவது இணைப்பு இருந்தா, மழை நாள்ல எப்படின்னு அவங்ககிட்ட கேளுங்க. ரெண்டாவது சிம் வேற கம்பெனில வாங்குங்க, யுபிஎஸ்ஸையும் செலவுல சேருங்க. சென்னை ரூம் அட்வான்ஸை உடனே திருப்பி வாங்காதீங்க, ரெண்டு மாசம் ஊர்ல இருந்து வேலை பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அவர் போன மாசம் போயிருக்கார். பெட்டில லைட் எரியுதாம். வீட்டுக்கு லைன் இழுக்க கேபிள்காரர் 4,000 கேட்டிருக்கார். 1,43,040ல அதையும் கழிச்சுக்கோங்க.