கம்பெனியில் கழிந்த ஆண்டுகள் கணக்கில் வருமா?

கேள்வி: 2018 நவம்பரில் வேதியியல் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு முடித்தேன். பட்டமளிப்பு விழா 2019 செப்டம்பரில் நடந்தது. பிறகு ஐந்தாண்டு ஒரு தனியார் மருந்து கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் வேலை, இடையில் மகப்பேறு விடுப்பு. இப்போது கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ‘பிஎச்.டி. முடித்து ஏழாண்டு தாண்டாத தொடக்க நிலை ஆய்வாளர்’களுக்கான நிதித் திட்டத்துக்கு 2026 ஜனவரிதான் கடைசி. கம்பெனி ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

பதில்: அறிவிக்கையில் அதற்கென்று தனி வாசகம் இருந்தால் கழிக்கலாம். இல்லையென்றால் முடியாது.

‘தொடக்க நிலை ஆய்வாளர்’ யார் என்று நம் நாட்டில் பொதுவான சட்ட வரையறை கிடையாது. நிதி தருபவர் எழுதுவதுதான் வரையறை. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி திட்டம் வயதைப் பார்க்கிறது. பொதுவாக 27 முதல் 32 வரை. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்.ஐ.எச். கடைசிப் பட்டத்திலிருந்து 10 ஆண்டு என்கிறது; குழந்தை பிறந்தால் ஓராண்டு கூடுதலாகவும் கேட்கலாம். ‘அங்கே ஏற்றார்களே’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

ரகசிய ஒப்பந்தத்தால் கட்டுரை வெளியிட வழியில்லாத கம்பெனி ஆய்வாளருக்கும் அதே ஏழாண்டுதான் என்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இது கொள்கை முடிவு. ரிட் போட்டாலும் நீதிமன்றம் லேசில் தலையிடாது. அறிவிக்கையில் உள்ள சலுகையையே உங்களுக்கு மறுத்தால் கதை வேறு. அப்போதைய மகப்பேறு நலச் சட்டத்தின் 26 வார விடுப்பும் உங்களுக்கும் முதலாளிக்கும் இடையிலானது. அதை வைத்து நிதி அமைப்பைக் கட்டுப்படுத்த முடியாது. பணி இடைவெளிக்குத் தளர்வு உண்டா என்று பாருங்கள். இருந்தால் விடுப்பு ஆணையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் போதும்.

உங்கள் விஷயம் நிற்பது தேதியில்தான். வாய்மொழித் தேர்விலிருந்து எண்ணினால் ஏழாண்டு கடந்துவிட்டது. பட்டமளிப்பிலிருந்து எண்ணினால் இன்னும் இருக்கிறது. அறிவிக்கை ‘பட்டம் வழங்கப்பட்ட தேதி’ என்கிறதா, ‘முடித்த தேதி’ என்கிறதா? இரண்டாவதென்றால் சிரமம். உங்கள் புரொவிஷனல் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ‘இன்ன தேதி முதல் தகுதி பெற்றார்’ என்று அதிலேயே அச்சாகியிருக்கக்கூடும். அதைக் காட்டி கம்பெனியில் சேர்ந்திருந்தால், பட்டமே 2019-ல்தான் கிடைத்தது என்று இப்போது வாதிடுவது எளிதல்ல. எந்த நாளில் தகுதி இருக்க வேண்டும் என்று அறிவிக்கை சொல்லாவிட்டால், விண்ணப்பக் கடைசித் தேதியே கணக்கு. ரேகா சதுர்வேதி வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அது வேலை நியமன வழக்கு என்றாலும் இங்கும் எடுத்துக்காட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: பதவி உயர்வு. யுஜிசியின் 2018 விதிமுறைகள் பல்கலைக்கழகம், கல்லூரி, சிஎஸ்ஐஆர் போன்ற ஆய்வு அமைப்புகளின் முறையான முன்பணியைச் சேர்க்கச் சொல்கின்றன. தனியார் கம்பெனிப் பணியை அந்தப் பட்டியலில் நுழைப்பது கடினம். ஆனால் பேராசிரியர் பதவிக்கு நேரடியாக வர, பிஎச்.டி.யும் பத்தாண்டு அனுபவமும் உள்ள சிறந்த தொழில்துறை நிபுணருக்குத் தனி வழி உண்டு. எனவே கம்பெனியிடம் வெறும் ரிலீவிங் லெட்டரோடு நிற்காமல், செய்த ஆய்வுப் பணி என்ன என்று சொல்லும் அனுபவச் சான்றிதழும் வாங்குங்கள். வணிக ரகசியம் எதையும் வெளியிடாமலே அதைத் தர முடியும்.

கடைசித் தேதிக்கு முன்பே நிதி அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் புரொவிஷனல் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் இரண்டையும் சேர்த்தே பதிவேற்றுங்கள். ஒன்றை மறைத்து நிதி வாங்கினால், பின்னால் வட்டியோடு திருப்பிக் கேட்க இடம் கொடுத்ததாகிவிடும்.